கேட்டுட்டுச் சொல்றேன்

குமாசி
பிப்ரவரி 7, 2022

அன்புள்ள மான்சா அக்காவுக்கு,

மாமாவைப் புதைத்து மூன்று வாரம் ஆகிறது. இருபது தடவையாவது உனக்கு போன் செய்திருப்பேன். முதலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அடோமாவைக் கூப்பிட்டு விசாரித்தால், நீ சிம்மைக் கழற்றி அவள் மீன் சுடும் அடுப்பில் போட்டுவிட்டாய் என்கிறாள். எழுபத்தொரு வயதில் இது என்ன பிடிவாதம்?

சரி, போனில் பேச மாட்டாய் என்றால் கடிதம். எல்மினா வேன் ஓட்டும் ஃபீஃபியிடம் கொடுத்தனுப்புகிறேன். வாங்க மாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடாதே.

இழவுப் பந்தலில் நான் பேசியது வெறும் தமாஷ். எல்லோரும் அழுது ஓய்ந்திருந்தார்கள், கொஞ்சம் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். "டீமா துறைமுகத்துல எங்கக்காவோட ஃப்ரிட்ஜ் ஒண்ணு தனியா நின்னு அழுதுக்கிட்டிருக்கு, அந்தப் பக்கம் போறவங்க ஆறுதல் சொல்லிட்டு வாங்க" என்றேன். நீயும் சிரிப்பாய் என்று நினைத்தேன். எழுந்து போவாய் என்று நினைக்கவில்லை. மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். முப்பத்தொரு வருடம் வங்கியில் காசாளராக இருந்தவன் நான். ஒரு கள்ள நோட்டு என் விரலைத் தாண்டிப் போனதில்லை. என்னுடைய அக்கா, எவனோ போனில் தன்னைப் பாஸ்டர் என்று சொன்னதை நம்பி, கூரைத் தகடு வாங்க வைத்திருந்த மூவாயிரம் சீடி பணத்தை அனுப்பிவிட்டாள் என்றால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பத்து விதிகள் எழுதி, தட்டச்சு செய்து, இத்துடன் வைத்திருக்கிறேன். போன் பக்கத்துச் சுவரில் ஒட்டிவை. புதுச் சிம் வாங்கிய பிறகு.

உன் தம்பி
கோபினா எசுமன்
தலைமைக் காசாளர் (ஓய்வு)


எல்மினா
பிப்ரவரி 16, 2022

கோபினா,

ஃபீஃபியிடம் வாங்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். "வாங்கிடுங்கம்மா. திருப்பிக் கொண்டுபோனா அவரு அதுக்கும் ஒரு விதி எழுதுவாரு" என்றான். அவனுக்காக வாங்கினேன்.

உன் பத்து விதிகளை அடோமாவிடம் கொடுத்துவிட்டேன். மீன் பொதிய நல்ல கெட்டித் தாள் என்றாள்.

தம்பி, அந்த விதிகள் எனக்கு முன்பே தெரியும். ரேடியோவில் வாரம் தவறாமல் சொல்கிறார்கள். தெரிந்திருந்தும் போனது. எப்படிப் போனது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பந்தலில் இருநூறு பேருக்குச் சொல்ல உனக்கு நேரம் இருந்தது, என்னைக் கேட்க நேரமில்லை. இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி.

காலை ஒன்பது மணி. சோளமாவுக் கென்கி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. போன் வந்தது. "அம்மா, நான் ஹாம்பர்க்லேருந்து வந்திருக்கேன். உங்க அராபா வர்ற சர்ச்சோட பாஸ்டர்." என் மகள் பெயர் தெரிந்திருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள் என்பது தெரிந்திருந்தது. அவளுடைய முழங்கால் வலிகூடத் தெரிந்திருந்தது. "அந்த வலியோட ரெண்டு ஷிப்ட் பாத்து உங்களுக்கு ஃப்ரிட்ஜ் அனுப்பியிருக்கா. பன்னண்டு மணிக்குள்ள சுங்கம் கட்டலைன்னா ஏலத்துல போயிடும். அவகிட்ட இப்ப சொல்லிடாதீங்க, நீங்க தொறந்து பாத்துச் சிரிக்கறத வீடியோவுல பாக்கணுமாம்."

அதற்குப் பிறகு அவன் என்னைப் போனை வைக்கவே விடவில்லை. நான் செருப்பு மாட்டும்போது பேசினான். தெருவில் நடக்கும்போது பேசினான். பணம் அனுப்பும் கடையில் இருந்த பெண், "யாருக்குங்கம்மா?" என்று கேட்டது அவன் காதில் விழுந்தது. "அவகிட்ட சொல்லாதீங்க. திருட்டுக் கூட்டம் கடையிலதான் உக்காந்திருக்கும்" என்றான். நல்ல மனிதர், எச்சரிக்கிறாரே என்று நினைத்தேன்.

நாற்பது வருடம் பிரசவ அறையில் இருந்தவள் நான். வலியில் கத்துகிறவளிடம், "வேற எதையும் கேக்காத, என் கொரல மட்டும் கேளு" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வெளியே எடுத்தேன். அன்றைக்கு அதே வித்தையை அவன் என்மேல் காட்டினான். அப்படி ஒரு குரல் கூடவே வரும்போது விதி எங்கே ஞாபகம் வரும்?

ஒன்பது நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் அடோமாவிடம் சொன்னேன். நான் நினைத்தபடி அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த மீன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும்தான்க்கா" என்றாள். இரண்டு வருடமாகப் புருஷனுக்குக்கூடத் தெரியாமல் வைத்திருந்தாளாம்.

அவளிடம் சொன்னதில் கொஞ்சம் தேறி, ஃப்ரிட்ஜ் என்று ஏமாந்ததை உன்னிடமும் சொல்லியிருந்தேன். அந்த நேரத்தில்தான் நீ மைக்கைப் பிடித்தாய்.

இன்னொன்றும் கேள். நீ பந்தலைச் சிரிக்க வைத்தபோது நாலு பேர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அந்த நாலு பேரும் தனித்தனியாக, ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல், என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களும் ஏமாந்தவர்கள். அந்த அளவுக்கு உன் தமாஷுக்கு நன்றி. மன்னிப்பு இன்னும் இல்லை.

மான்சா


குமாசி
மார்ச் 1, 2022

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போனை வைக்க விடவில்லை என்று நீ எழுதியது எனக்குப் புதிது. பதினொன்றாம் விதியாகச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். கோபித்துக்கொள்ளாதே, என் மண்டை அப்படித்தான் வேலை செய்கிறது.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது அல்லவா? நீங்கள் எல்லோரும் பணத்தோடு பழகாதவர்கள். குழந்தை பிறக்க வைத்தவள், மீன் சுடுகிறவள், கடலில் வலை இழுக்கிறவர்கள். பணம் பேசும் பாஷை எனக்குத் தாய்மொழி மாதிரி.

இங்கே வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. என் மனைவி போய் இரண்டு வருடம் ஆகியும், சாப்பிடும்போது எதிரே இருக்கிற நாற்காலியைப் பார்க்காமல் இருக்கப் பழகவில்லை. சமைக்க மனம் வருவதில்லை. தெருமுனையில் வறுத்த வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு நல்ல விஷயம் நடந்திருக்கிறது. எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. பெரிய இடத்திலிருந்து என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். என் அனுபவம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. தினமும் காலையில் ஒருவர் போன் செய்து, "சார், சாப்பிட்டீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வேலையைப் பேசுகிறார். இதற்குமேல் சொல்ல அனுமதி இல்லை. முடிந்ததும் தெரியும், உன் தம்பியின் கண் இன்னும் மங்கவில்லை என்று.

அந்த நாலு பேரையும் நான் விசாரித்ததாகச் சொல். நான் விசாரிக்கிறேன் என்று தெரிந்தால் அவர்களுக்கு எரிச்சலாக இருக்கும் என்றால் சொல்லாதே.

உன் தம்பி
கோபினா


எல்மினா
மார்ச் 9, 2022

கோபினா,

நாலு பேர் இப்போது இருபத்தேழு பேர்.

செவ்வாய்க்கிழமை கடலுக்கு யாரும் போவதில்லை அல்லவா, படகுக் கொட்டகை காலியாக இருக்கும். அங்கே கூடுகிறோம். முதல் செவ்வாய் எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து என் கதையைக் கூச்சப்படாமல் சொன்னேன், செருப்பு மாட்டியதுவரை. அதன் பிறகு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். ஒருவருக்கு லாட்டரி, ஒருவருக்கு விபத்தில் அடிபட்ட பேரன், ஒருவருக்குத் தவறாக வந்துவிட்ட பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி அழுத கர்ப்பிணி. எல்லாக் கதையிலும் மூன்று விஷயம் இருந்தது. சீக்கிரம் என்றான். யாரிடமும் சொல்லாதே என்றான். போனை வைக்காதே என்றான்.

எங்களுடைய பெரிய குறை என்ன தெரியுமா? எங்களுக்குப் பேச்சை நடுவில் வெட்டத் தெரியவில்லை. ஒருவர் பேசும்போது எழுந்து போவது மரியாதைக் குறைவு என்று வளர்த்துவிட்டார்கள். அதனால் அதைப் பழகினோம். கையில் போனுக்குப் பதில் ஆளுக்கொரு சலவை சோப்பு. பழைய படகுக்காரர் எக்கோவ்தான் திருடன். அடேயப்பா, அந்த மனிதர் இத்தனை வருடம் மீன் பிடித்தது வீண். "பாட்டி, பேரன் ஆஸ்பத்திரியில ரத்தத்துல கெடக்கான்" என்று அவர் அழுததில் ஒருத்தி நிஜமாகவே அழுதுகொண்டு முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்துவிட்டாள். பிறகு நினைவு வந்து சோப்பாலேயே அவர் தலையில் ஒன்று போட்டாள்.

எல்லோரும் ஒரே ஒரு வாக்கியம் பழகுகிறோம். "கேட்டுட்டுச் சொல்றேன்." அவ்வளவுதான். சண்டை வேண்டாம், திட்ட வேண்டாம். கேட்டுட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். பிறகு நிஜமாகவே யாரையாவது கேட்க வேண்டும்.

சனிக்கிழமை அடோமாவுக்கு அப்படி ஒரு போன் வந்தது. பக்கத்தில் நான் இருந்தேன். "கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள். "யாரைக் கேக்கணும்? ஒங்க வீட்டுல நீங்க பெரியவங்க இல்லியா?" என்றான் அவன். "நான் பெரியவதான். அதனாலதான் கேக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு அவள் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும், புகையில் நின்றுகொண்டு, மீன் கரிவதையும் பார்க்காமல்.

இப்போது உன் விஷயம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். யார் அந்தப் பெரிய இடம்? ஏன் சொல்லக் கூடாது? தினமும் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறவனை நீ நேரில் பார்த்திருக்கிறாயா? உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த வார்த்தைகளை நான் இங்கே வாரம்தோறும் கேட்கிறேன், அதனால் கேட்கிறேன்.

நல்ல சாப்பாடு சாப்பிடு. சுட்ட மீன் ஒரு பொட்டலம் ஃபீஃபியிடம் கொடுத்திருக்கிறேன்.

அக்கா


குமாசி
மார்ச் 15, 2022

அக்கா,

மீன் கிடைத்தது. நன்றி. மற்றதற்கு நன்றி சொல்ல முடியவில்லை.

உனக்கு ஒரு தடவை பாம்பு கடித்துவிட்டது என்பதற்காகக் கயிற்றையெல்லாம் அடிக்காதே. என்னை யாரென்று நினைத்தாய்? தடை இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அப்போதாவது உன் வாய் அடங்கட்டும்.

என் பழைய கிளையில் உள்ளே ஒருவன் ஓய்வூதியக்காரர்களின் பணத்தைத் திருடுகிறான். தலைமையகத்தின் ரகசியப் பிரிவு அதை விசாரிக்கிறது. அங்கே இருக்கிற திரு. பென்னெட் என் பெயர், என் பதவி, நான் ஓய்வுபெற்ற வருடம் எல்லாம் சொல்லித்தான் பேச ஆரம்பித்தார். "சார், உங்க மாதிரி கை சுத்தமான ஆளு அந்தக் கிளையில வேற யாரும் இல்ல" என்றார். கடைசியாக யார் என்னிடம் இப்படிப் பேசினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. என் பணத்தைத் தூண்டிலாக வைத்துத்தான் அந்தத் திருடனைப் பிடிக்கப்போகிறோம். ஒரு பாதுகாப்பான கணக்குக்கு மாற்ற வேண்டும். போன வாரம் சோதனைக்காகக் கொஞ்சம் மாற்றினேன், ஒரு சிக்கலும் இல்லை. மீதி எல்லாவற்றையும் வியாழக்கிழமை வங்கி மூடுவதற்குள் மாற்றிவிடுவேன். கிளையில் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, அவர்களில் ஒருவன்தானே திருடன்.

இது ஃப்ரிட்ஜ் இல்லை, அக்கா. இது வேலை. உன் சோப்புக் கச்சேரியோடு இதைச் சேர்க்காதே.

கோபினா எசுமன்
தலைமைக் காசாளர் (ஓய்வு)


எல்மினா
மார்ச் 17, வியாழன், விடிகாலை

தம்பி,

உன் கடிதம் நேற்று சாயங்காலம்தான் வந்தது. அடோமாவின் போனிலிருந்து பதினாறு தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகவே சொன்னது. யாருடன் என்று எனக்குத் தெரியும்.

இதை ஃபீஃபி உன் கையில் கொடுப்பான். நீ படித்து முடிக்கும்வரை வீட்டைவிட்டு நகர மாட்டான். பிறக்கும்போது தலை திரும்பி நின்றவனை ஏழு மணி நேரம் போராடி வெளியே எடுத்தவள் நான், எனக்காக இதைச் செய்வான்.

பணத்தை மாற்றாதே என்று நான் சொல்லவில்லை. நான் சொன்னால் நீ மாற்றுவாய். ஒன்றே ஒன்று செய். போனை அணைத்துவிட்டு உன் கிளைக்கு நடந்து போ. நீ உட்கார்ந்திருந்த கவுண்டருக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இங்க ஒரு விசாரணை நடக்குதா?" என்று கேள். ரகசியம் கெட்டுப்போகும் என்று அவன் சொல்வான். கெடட்டும். நிஜ விசாரணை என்றால் நான் குடும்பம் முழுவதையும் கூட்டி வைத்து உன் காலில் விழுகிறேன்.

கோபினா, நீ முட்டாள் இல்லை. நானும் அன்றைக்கு முட்டாள் இல்லை. எனக்கு அராபாவின் முழங்காலைக் காட்டினான். உனக்கு உன் வேலையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். உன் வீட்டில் சத்தமே இல்லை என்று நீ எழுதியபோதே நான் புறப்பட்டு வந்திருக்க வேண்டும். என் கோபம் தடுத்துவிட்டது. அதற்கு என்னை மன்னித்துவிடு.

போ. இப்போதே போ.

அக்கா


குமாசி
மார்ச் 19, 2022

அக்கா,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணி. நான் சட்டை போட்டு, கழுத்துப் பட்டை கட்டி, பென்னெட்டுடன் போனில் பேசியபடி, பணத்தை மாற்ற வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கதவை யாரோ இடித்தார்கள். ஃபீஃபி. தெருவில் வேன் நிற்கிறது, உள்ளே பதினைந்து பேர் கத்துகிறார்கள். ஒருத்தி ஜன்னல் வழியாகக் கோழியை ஆட்டிக்கொண்டு, "டிரைவர், இது செத்துடும்போல இருக்கு!" என்கிறாள். ஃபீஃபி எதையும் காதில் வாங்காமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். என் மனைவியின் நாற்காலியில். "படிங்க" என்றான்.

போன் என் காதில்தான் இருந்தது. "சார், யாரோ வந்த மாதிரி இருக்கே?" என்றான் பென்னெட். "சொந்தக்காரங்க" என்றேன். "வெளிய அனுப்புங்க." இவ்வளவு நாள் இருந்த பணிவு அந்தக் குரலில் இல்லை. "ஒரு கடிதம் படிச்சுட்டு வரேன்" என்றேன். "அதுக்கெல்லாம் நேரமில்ல. போன வைக்காதீங்க, சொல்றேன்ல!" என்று கத்தினான்.

போனை வைக்காதே. நீ எழுதிய அதே வார்த்தை. முப்பத்தொரு வருடத்தில் எந்த மேலதிகாரியும் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது, "கேட்டுட்டுச் சொல்றேன்." அணைத்துவிட்டேன். பிறகு உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன்.

ஃபீஃபி என்னை வேனில் ஏற்றிக் கிளை வாசலில் இறக்கினான். கோழிக்காரம்மாள் இடம் கொடுத்தாள். உள்ளே போய், நான் உட்கார்ந்திருந்த கவுண்டருக்கு முன்னால் நின்று கேட்டேன். மேலாளர் ஓடி வந்து என்னை அறைக்குள் உட்கார வைத்தார். விசாரணை எதுவும் இல்லை. பென்னெட் என்று யாரும் இல்லை. போன வாரம் நான் அனுப்பிய பணம் போனதுதான், அது வராது. மீதி என் கணக்கிலேயே இருக்கிறது.

வெட்கத்தில் அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. போலீஸ் அதிகாரி வந்தபோதும் தலை நிமிரவில்லை. அவர் கேட்டார், "அவன் உங்கள இன்னும் நம்பறானா சார்?" அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அவனுக்கு நானே போன் செய்தேன். நடித்தேன், அக்கா. உங்கள் எக்கோவ் பார்த்திருந்தால் வேலை கொடுத்திருப்பார். "மன்னிச்சுக்கங்க சார், சொந்தக்காரன் போயிட்டான். ஆனா பணம் மாத்தற படிவத்த நிரப்ப முடியல, கண்ணு மங்குது. எல்லாத்தையும் ரொக்கமா எடுத்துட்டேன். நீங்களே ஒரு அதிகாரிய அனுப்பி வாங்கிக்கங்க." அவன் மூச்சு மாறியதை நான் கேட்டேன்.

அவன் சொன்னபடி வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சந்தைக்குப் போகிற வழியில், மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மடியில் தோல் பை. பக்கத்தில் இரண்டு பேர் வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள், இருவரும் போலீஸ். பை கனமாக இருக்க வேண்டுமே என்று என் பத்து விதிகளின் மிச்சப் பிரதிகளைத் திணித்திருந்தேன். அவை உருப்படியாக உதவியது அன்றைக்குத்தான்.

கோட்டு சூட்டு போட்ட ஒருவன் வந்து, கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டி, "திரு. எசுமன்?" என்றான். எழுந்து நின்று பையை இரண்டு கையாலும் நீட்டினேன். அவன் கை பிடியைத் தொட்டதும் வாழைப்பழம் தின்றவர்கள் அவன் கையைப் பிடித்தார்கள். குரலை வைத்துச் சொல்கிறேன், பென்னெட்டே வந்திருந்தான். இவ்வளவு பெரிய தொகைக்கு வேறு ஆளை நம்பவில்லை போல.

அவன் பையில் ஒரு நோட்டு. நாற்பத்து மூன்று பெயர்கள், எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறிப்பு. பெரும்பாலும் "விதவை", "மகன் வெளிநாட்டில்" என்று இருந்தது. அதிகாரி என்னுடையதைச் சத்தமாகப் படித்துவிட்டு, படித்திருக்க வேண்டாமே என்று என்னைப் பார்த்தார். "தனி ஆள். கர்வம் அதிகம். உதவி கேட்டால் மயங்குவார்."

மூன்று வரியில் என்னை எழுதிவிட்டான். மறுக்க ஒன்றுமில்லை.

அன்றைக்குச் சாயங்காலம்வரை நானும் மேலாளரும் அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஆள் அனுப்பினோம், அல்லது வீடு தேடிப் போனோம். பதினொரு பேர் அடுத்த வாரமே பணம் அனுப்பத் தயாராக இருந்தார்கள். பதினொரு பேரும் தப்பித்தார்கள், அக்கா. ஒருவர் ராணுவத்தில் மேஜராக இருந்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அந்தப் பந்தலில் நான் செய்தது தமாஷ் இல்லை. நீ ஏமாந்ததால் நான் புத்திசாலி என்று காட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். மன்னித்துவிடு. இந்தக் கடிதத்தை உன் கூட்டத்தில் படி. கர்வம் என்கிற இடத்தை விட்டுவிடாதே.

கோபினா


எல்மினா
மார்ச் 23, 2022

என் தம்பிக்கு,

படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். கோழி வந்த இடத்தில் சிரித்தார்கள். "கையைப் பிடித்தார்கள்" என்றதும் கொட்டகையே எழுந்து நின்றது. எக்கோவ் படகின் வயிற்றில் தாளம் போட ஆரம்பித்தார். முழங்கால் வலிக்கிற பெண்களெல்லாம் மணலில் இறங்கி ஆடினார்கள். அறுபத்திரண்டு பேர், எண்ணிப் பார்த்தேன். ஃபீஃபியைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வயது எழுபதுக்கு மேல், அதனால் பாதியில் இறக்கிவிட்டார்கள்.

கர்வம் வந்த இடத்தில் ரொம்பச் சிரித்தார்கள், மறைக்க மாட்டேன். எக்கோவ்தான் கையைத் தூக்கி அடக்கினார். "சிரிங்க. ஆனா அத மறைக்காம எழுதி அனுப்பினாரு பாருங்க. நம்மள்ல எத்தன பேரு எழுதுவோம்?" என்றார்.

சந்தைக் கடைகளில் பணம் அனுப்பும் பெண்கள் இப்போது எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். வயதானவர் போனைக் காதில் வைத்தபடி வந்தால், "மொதல்ல போன வையுங்க, அப்புறம் அனுப்பறேன்" என்கிறார்கள். போன வாரம் அப்படி மூன்று பேர் தப்பித்தார்கள்.

மன்னிப்பு கேட்டாய். தந்துவிட்டேன். ஆனால் மைக்கில் சொன்னதைக் காகிதத்தில் அழிக்க முடியாது. ஈஸ்டருக்கு வா. அடுத்து வரும் செவ்வாய்வரை இரு. உன் வாயால் சொல்.

புதுச் சிம் வாங்கிவிட்டேன். இருந்தாலும் எழுது. போனில் நீ ரொம்பக் கத்துகிறாய்.

அக்கா


குமாசி
ஏப்ரல் 28, 2022

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த கென்கி இரண்டு நாள் வந்தது.

கொட்டகையில் நான் பேசியதைப் பற்றி நாம் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். "எங்கக்கா ஏமாந்தான்னு நான் சிரிச்சேன். அவளுக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. என்னைக் காப்பாத்தினது அவதான்" என்று சொன்னேன். நீ என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முடிந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தாயே, அது போதும்.

இப்போது நேற்று நடந்ததைக் கேள். ஓய்வூதிய நாள். வங்கி வாசலில் அறுபது, எழுபது பேர் வரிசை. மேலாளரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். படியில் ஏறி நின்று, பத்து விதிகள் எதுவும் இல்லாமல், என் கதையைச் சொன்னேன். பென்னெட் சாப்பிட்டீர்களா என்று கேட்டதிலிருந்து ஆரம்பித்தேன். முதலில் முணுமுணுத்தார்கள், வெயிலில் நிற்கிற எங்களுக்கு இது வேறயா என்று. பிறகு காது கொடுத்தார்கள்.

வரிசையில் நடுவில் ஒரு அம்மாள். உயரமானவர், நீலத் தலைத்துணி. நான் பேச ஆரம்பித்தபோதும் போன் காதில் இருந்தது, முடித்தபோதும் இருந்தது. இவ்வளவு நேரம் ஒரு வார்த்தைகூட அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். முகம் மெதுவாக மாறியது. நான் இறங்கி அவரிடம் போகக் கால் எடுத்தேன், அதற்குள் அவரே போனைக் காதிலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தி, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தார்.

"தம்பி, நான் இப்ப வங்கி வரிசையில நிக்கறேன். என்கூட எழுபது பேரு நிக்கறாங்க. இவ்வளவு நேரம் என்கிட்ட சொன்னத அவங்களுக்கும் கேக்கற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லுங்க."

தெரு முழுவதும் கேட்டது அக்கா, போன் டொக்கென்று அறுந்தது.

கை தட்டினார்கள் பார், காவலாளி என்னவோ ஏதோ என்று உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டான். எனக்காகத் தட்டவில்லை, அந்த அம்மாளுக்காகத் தட்டினார்கள். அவர் ஒன்றும் நடக்காதது மாதிரி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தன் இடத்தை யாராவது பிடித்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் பிடிக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக விலகி, அவருக்குக் கதவுவரை வழி விட்டிருந்தார்கள்.

உன் தம்பி
கோபினா